விரிசலைப் படிக்கத் தெரிந்தவர் யார்?

புதிய வீட்டின் சாவி கைக்கு வந்ததும் நாம் முதலில் பார்ப்பது சுவரின் வர்ணத்தைத்தான். வீட்டின் உண்மையான நிலையோ சுவருக்குள்ளும் தரைக்கு அடியிலும் இருக்கிறது. அதைக் கண்டறிந்து அறிக்கை தருபவரே வீட்டுப் பரிசோதகர்.

மாணவர்களே, அவர் பயன்படுத்தும் அறிவியல் உங்களுக்குத் தெரிந்ததுதான். தரை டைலை ஒரு கோலால் தட்டுவார். நன்றாக ஒட்டிய டைல் கெட்டியான ஒலி தரும். அடியில் காற்று இடைவெளி இருந்தால் வெற்றொலி கேட்கும். அகச்சிவப்புக் கேமராவில் ஈரச் சுவர் குளிர்ச்சியாகத் தெரியும். நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொள்வதே காரணம்.

ஆனால், அந்தக் கேமரா நீரைக் காட்டுவதில்லை. மேற்பரப்பின் வெப்பநிலையை மட்டுமே காட்டுகிறது. குளிரூட்டியின் காற்று படும் சுவரும் அப்படியே தெரியும். ஈரப்பத அளவியால் உறுதி செய்யாமல் "நீர்க்கசிவு" என்று எழுதினால் அறிக்கை தவறாகிவிடும். கருவியைக் கடையில் வாங்கலாம். அதன் அளவீட்டைப் புரிந்துகொள்ளும் திறனைப் படித்துத்தான் பெற வேண்டும்.

நம் மண் சொல்லும் பாடம்

பத்து பாகாட்டின் தாழ்நிலங்களில் மென்களிமண் பரவியுள்ளது. பாரிட் ராஜாவிலுள்ள துன் உசேன் ஓன் மலேசியப் பல்கலைக்கழகத்தில் மென்மண் ஆய்வு மையமே இருக்கிறது. நீர் நிறைந்த களிமண்மீது பாரம் ஏறும்போது, துகள்களுக்கு இடையிலுள்ள நீர் மெல்ல வெளியேறும். நிலம் பல ஆண்டுகள் அமிழும்.

பூச்சு காய்வதால் வரும் மயிரிழை விரிசல் ஒன்று. அடித்தளம் சமமின்றி அமிழ்வதால் சன்னல் மூலையிலிருந்து சரிவாக ஓடும் விரிசல் வேறு. முன்னதற்குச் சாந்து போதும். பின்னதற்குப் பொறியாளர் வேண்டும்.

தரமும் தகுதியும்

1993 டிசம்பர் 11இல் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடிக் கட்டடம் ஒன்று சரிந்து 48 பேர் உயிரிழந்தனர். பின்னர், 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தில் 85ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. 5 மாடிக்கு மேற்பட்ட, 10 ஆண்டுகளைக் கடந்த கட்டடங்களைப் பொறியாளரைக் கொண்டு பரிசோதிக்கும்படி உள்ளூராட்சி மன்றம் உரிமையாளருக்கு உத்தரவிட அது வழிசெய்கிறது. நம் தாமான்களில் உள்ள வரிசை வீடுகள் இதில் அடங்கா.

கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியம் 2006இல் 'கிளாசிக்' என்னும் மதிப்பீட்டு முறையைக் கொண்டு வந்தது. பயிற்சி பெற்ற மதிப்பீட்டாளர்கள் 'சிஐஎஸ் 7' தரத்தின்படி கட்டுமான வேலைக்குப் புள்ளி வழங்குவர். அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் வீட்டுப் பரிசோதகருக்கு உரிமம் கட்டாயம்.

இங்கு மேம்பாட்டாளரிடம் வாங்கிய புதிய வீட்டுக்குக் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் 24 மாதங்கள். எழுத்து மூலம் புகார் கொடுத்தால், 30 நாள்களுக்குள் மேம்பாட்டாளர் பழுது பார்க்க வேண்டும். ஆகவே, பரிசோதகரை அமர்த்தும் முன் மூன்று கேள்விகள் கேட்கச் சொல்லுங்கள்: என்ன படித்திருக்கிறீர்கள்? எந்தத் தரத்தின்படி சோதிப்பீர்கள்? பழுதுபார்க்கும் குத்தகையாளரோடு உங்களுக்குத் தொடர்பு உண்டா?

செய்து பாருங்கள்: வீட்டில் விரிசல் இருந்தால், அதன் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதுங்கள். மாதந்தோறும் அளந்து குறித்து வாருங்கள். விரிசல் கோட்டைத் தாண்டினால் பெற்றோரிடம் உடனே காட்டுங்கள்.