உப்புநீர்த் தொட்டிக்கு ஏற்ற மீன்கள்

பெரியகல்லாற்றுக்குக் கிழக்கே கடல், மேற்கே வாவி. இரண்டுக்கும் இடையே கிடக்கும் ஒடுங்கிய நிலப்பட்டியில் ஊர் அமைந்திருக்கிறது. இவ்வூர்ப் பிள்ளைகளுக்கு மீன் ஒரு புதுமையன்று. ஆயினும் வலையிலும் சந்தையிலும் காணும் மீன் வேறு. தன் இயல்பிலே நீந்தித் திரியும் மீனைக் கண்ணெதிரே வைத்துப் பார்ப்பது வேறு. அந்த ஆசையினால் வீட்டிலோ பாடசாலையிலோ கண்ணாடித் தொட்டி வைக்கிறார்கள். நன்னீர் மீன் வளர்த்துச் சற்றுப் பழகியவர், கடல் கூப்பிடு தொலைவில் இருக்கும்போது கடல் மீனையே வளர்த்தால் என்ன என்று எண்ணுவதும் இயல்பே. அவ்வாறு தொடங்கிய முயற்சிகளிற் பல, ஒரு மாதம் முடியுமுன்பே மீன்கள் செத்து மிதக்க, தொட்டி கவிழ்த்து வைக்கப்படுவதோடு முடிகின்றன. வளர்த்தவரின் அக்கறையில் பெரும்பாலும் குறை இராது. தொட்டிக்குத் தகாத மீனைத் தெரிந்தெடுத்ததே முதற் பிழையாக இருக்கும்.

இப்பிழை எப்படி நேர்கிறது என்பதை அறிய, கடல்நீரைப் பற்றிச் சிறிது அறிய வேண்டும். ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. ஆழ்கடலை அடுத்த பவளப் பாறைகளில் இவ்வளவு ஆண்டு முழுவதும் பெரிதாக மாறுவதில்லை, வெப்பமும் அப்படியே. அங்கே பிறந்து வளரும் மீனுக்கு மாற்றம் என்பது பழக்கமில்லாத ஒன்று. இனி, மூன்றடி நீளமும் ஓரடி அகலமும் ஒன்றேகால் அடி உயரமும் உள்ள தொட்டியை எடுத்துக்கொள்வோம். அது கொள்வது 100 லீற்றர் அளவு நீர். அதில் உள்ள உப்பு 3500 கிராம். பங்குனி, சித்திரை வெயிலில் சில நாட்களிலே 5 லீற்றர் நீர் ஆவியாகிவிடக்கூடும். ஆவியாவது நீர் மட்டுமே. உப்பு அங்கேயே தங்கிவிடும். 35ஆக இருந்த அளவு அப்போது 37ஐ நெருங்கும். குறைந்த நீரை ஈடுசெய்யக் கடல்நீரையே ஊற்றுகிறவர்கள் உண்டு. அவர்கள் உப்பின் மேல் உப்பை ஏற்றுகிறார்கள். ஊற்ற வேண்டியது குளோரீன் நீங்கிய நன்னீர்.

மற்றொரு தொல்லை கண்ணுக்குத் தெரியாதது. மீனின் கழிவும் தின்னாது எஞ்சிய இரையும் அமோனியாவாக மாறும். அது மீனுக்கு நஞ்சு. ஒருவகைப் பற்றீரியாக்கள் அமோனியாவை நைத்திரைற்றாக மாற்றுகின்றன; அதுவும் தீங்கானது. வேறொரு வகை அதனை நைத்திரேற்றாக மாற்றுகிறது. இதன் கொடுமை குறைவு. இப்பற்றீரியாக்கள் மணலிலும் கல்லிலும் குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். ஆகவே தொட்டியை நிரப்பிய அன்றே மீனை விடுவது, கூரை வேயாத வீட்டில் மாரிகாலத்தில் குடிபுகுவது போன்றது. மேலும் உப்புநீரிலே கரையும் ஒட்சிசன் நன்னீரில் கரைவதிலும் குறைவு. நன்னீர்த் தொட்டியில் பத்து மீன் வாழ்ந்த இடத்தில், உப்புநீரில் மூன்று நான்குக்கு மேல் வைக்கலாகாது.

மூன்று நான்கு மீன்களே வைக்கலாம் என்றால் எவற்றை வைப்பது? இங்கேதான் நிறம் மனிதரை ஏமாற்றுகிறது.

தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் மேற்குக் கரை கொந்தளிக்கும். அப்போது அலங்கார மீன் பிடிக்கும் சுழியோடிகள் கிழக்குக் கரைக்கு வருகிறார்கள். அவர்கள் பிடிக்கும் மீன்கள் கொழும்புக்குச் சென்று, அங்கிருந்து அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் வானூர்தியில் போகின்றன. அவற்றிலே கண்ணைப் பறிப்பவை வண்ணத்துப்பூச்சி மீன்கள். அவற்றுட் சில இனங்கள் உயிருள்ள பவளப் பூச்சிகளையன்றி வேறொன்றையும் தின்னா. தொட்டியிலே எவ்வளவு நல்ல இரையை இட்டாலும் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பட்டினியால் இறந்துபோகும். வாங்கியவர் நோய் என்று நினைத்து மருந்து தேடுவார். அந்த மீனுக்கு இருந்த நோய் பசி ஒன்றே.

நீல உடலும் மஞ்சள் முதுகுத் துடுப்பும் கொண்ட அறுவை மீன் ஒன்று இலங்கைக் கடலிலே உண்டு. வாலடியில் கூரிய கத்தி போன்ற முள் இருப்பதால் இக்குடும்பத்துக்கு அப்பெயர். பாறை நெடுகப் பாசி மேய்ந்து திரிவது அதன் வழக்கம். மூன்றடித் தொட்டியில் அது இங்கும் அங்கும் முட்டிக்கொண்டு, உடலில் உப்புத் தூவினாற்போல் வெண்புள்ளி நோய் கண்டு மெலியும். கருநீல உடலில் வெள்ளைப் பிறைக்கோடுகள் வரைந்தாற்போன்ற சம்மனசு மீன் குஞ்சைப் பார்ப்பவர், ஓரங்குலந்தானே என்று வாங்குவார். வளர்ந்தால் அது 40 சென்ரிமீற்றர் வரை வரும். குஞ்சுப் பருவத்துக் கோடுகளும் அப்போது மறைந்துவிடும். சிங்க மீன் அழகானதுதான். துடுப்பு முட்களில் நஞ்சுண்டு, தன் வாய்க்கு அடங்கும் தொட்டித் துணைகளையும் ஒன்றொன்றாக விழுங்கும். மஞ்சள் நிறப் பெட்டி மீன் மிரண்டால் தோலிலிருந்து நஞ்சைக் கசியவிட்டு மற்ற மீன்களைக் கொல்லும். சிறிய தொட்டியில் அந்நஞ்சு தானிருக்கும் நீரிலே தங்கித் தன்னையும் தாக்கும்.

துப்புரவு மீன் ஒன்றையும் தனியாகச் சொல்லவேண்டும். நீலநிறத்தில் கருங்கோடு ஓடும் மெலிந்த உருவம். பவளப் பாறையில் ஓரிடத்தில் நின்று, தேடிவரும் பெரிய மீன்களின் உடலிலும் செவுளிலும் ஒட்டியிருக்கும் உண்ணிகளைக் கொத்தித் தின்பது இதன் தொழில். தொட்டியைச் சுத்தமாக்கும் என்று எண்ணி இதனை வாங்குகிறார்கள். நாலு மீன் உள்ள தொட்டியில் இதற்குத் தொழிலும் இல்லை, உணவும் இல்லை. பாறையில் இருந்து இதை எடுத்துவிட்டால் அங்கே வந்துபோகும் மீன்களுக்கும் இழப்பே.

பிடிக்கும் முறையிலும் கவனிக்க வேண்டியது உண்டு. மொக்சி வலை என்பதனைப் பவளத்தின் மேல் கவிழ்த்து, உள்ளே ஒளிந்த மீனை வெளியேற்றப் பவளத்தையே உடைப்பதுண்டு. இலங்கைச் சட்டம் இவ்வலையைத் தடைசெய்திருக்கிறது. 1998இல் கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடேறியபோது இலங்கையைச் சூழ்ந்த பவளப் பாறைகளிற் பெரும்பகுதி வெளிறி இறந்தது. பாசிக்குடாப் பாறையும் அதற்குத் தப்பவில்லை. எஞ்சியிருப்பதைத் தொட்டி அலங்காரத்துக்காக உடைப்பது எவ்வகையிலும் தகாது.

இனி ஊரின் மேற்குப் பக்கத்துக்குத் திரும்பலாம். மட்டக்களப்பு வாவி 56 கிலோமீற்றர் நீளமானது. வடக்கே பாலமீன்மடுவிலும் தெற்கே கல்லாற்றிலும் அது கடலோடு கலக்கிறது. மாரி மழையில் வெள்ளம் பெருகும்போது வாவிநீர் ஏறத்தாழ நன்னீராகிவிடும். கோடையில் முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து அடைபட, உப்பு ஏறும். இத்தனை மாற்றத்தையும் தாங்கும் மீன்களே இங்கு நிலைத்து வாழ்கின்றன. கடல் மீனின் உடலிலுள்ள உப்பு கடல்நீரில் உள்ளதில் மூன்றிலொரு பங்களவே. ஆதலால் அதன் உடல்நீர் ஓயாது வெளியே இழுபடுகிறது. அது கடல்நீரைக் குடித்து, மிகையான உப்பைச் செவுள் வழியே வெளியேற்றி உயிர்வாழ்கிறது. நன்னீர் மீனுக்கு நிலைமை நேர்மாறு. வாவி மீனோ இரு தொழிலையும் கற்றது. நீருக்கேற்பச் செவுளும் சிறுநீரகமும் வேலையை மாற்றிக்கொள்ளும். புதிதாகப் பழகுபவரின் தவறுகளைப் பொறுக்கக்கூடிய மீன் ஒன்று உண்டென்றால், அது முகத்துவாரத்து மீனே.

ஆனால் இங்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. வாவி பல மீன்களுக்குத் தொட்டில். கரையோர ஆழமற்ற நீரில் கையளவு வலையில் அகப்படுபவை பெரும்பாலும் குஞ்சுகளே. வளைந்த கருங்கோடுகளுடைய கீச்சான் குஞ்சு பார்வைக்கு இனியது. கையில் எடுத்தால் ஒலி எழுப்பும்; பெயரும் அதற்கு ஒத்ததாகவே இருக்கிறது. (பாடும் மீனுக்குப் பேர்போன நாட்டில் இது வியப்பன்று. 1848இல் இங்கு வந்த எமர்சன் தெனன்ற் வாவியிலிருந்து எழும் இசையைக் கேட்டு எழுதிவைத்தார். பாடுவது மீனா, சிப்பியா என்ற வழக்கு அப்போதே இருந்தது.) தொட்டியிலோ கீச்சான் சண்டைக்காரன், மற்ற மீன்களின் செதிலைக் கொத்தித் தின்னும். வெள்ளி நிறத் தட்டை மீன் குஞ்சுகளும், உடலெங்கும் கரும்புள்ளியிட்ட மற்றொரு தட்டை மீனின் குஞ்சுகளும் கூட்டமாக வரும். இரண்டும் சாதுவானவை. ஆனால் இரண்டும் ஒரு சாணைக் கடந்து வளர்பவை. புள்ளி மீனின் முள் குத்தினால் கடுக்கும். கொடுவாக் குஞ்சைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஓராண்டில் அது தொட்டிக்கு அல்ல, சட்டிக்குரிய அளவை எட்டிவிடும்.

ஆகவே வாவியிலிருந்து எடுப்பதானால், முழு வளர்ச்சியிலும் சிறிதாகவே இருப்பவற்றைத் தேடவேண்டும். உளுவை இனத்துச் சிறு மீன்கள் மணலில் அமர்ந்து, இரையை வாயாற் சலித்துத் தின்பவை. தொட்டியின் அடியைத் தமக்கென எடுத்துக்கொள்ளும். உடலின் உள்ளே எலும்பு தெரியும் கண்ணாடி மீன்கள் ஐந்தாறு சேர்ந்து இருந்தால் அச்சமின்றித் திரியும். மஞ்சள் உடலில் செம்புள்ளி வரிசை கொண்ட செல்லக்காசு எட்டுச் சென்ரிமீற்றரைத் தாண்டுவது அரிது. தாயும் தந்தையும் சேர்ந்து முட்டையையும் குஞ்சையும் காவல் காப்பதைப் பிள்ளைகள் நேரிற் காணலாம். இம்மூன்றுக்கும் கடல்நீரில் பாதியளவு உப்பே போதும். பாடசாலை ஒன்று முதன்முதலில் வைக்கும் உப்புநீர்த் தொட்டி இப்படிப்பட்டதாக இருப்பதே நன்று. செலவும் குறைவு, சாவும் குறைவு.

முழுக் கடல்நீரில்தான் வைப்பேன் என்பவருக்குக் கோமாளி மீன் இணை ஒன்று ஏற்றது. இலங்கைக் கடலிற் பிடிபடும் சில வகைகள் 15 சென்ரிமீற்றர் வரை வளர்ந்து முரட்டுக் குணம் காட்டும். பண்ணையிற் பொரித்து வளர்த்த சிறிய செம்மஞ்சள் வகையே சிறிய தொட்டிக்குப் பொருந்தும். தமிழகத்தில் பரங்கிப்பேட்டையிலும் மண்டபத்திலும் கோமாளி மீனைப் பொரிக்க வைத்து வளர்க்கும் முறையை ஆய்வாளர் செயற்படுத்திக் காட்டியிருக்கின்றனர். பண்ணைக் குஞ்சு தொட்டியையே உலகமாக அறிந்தது. இட்ட இரையைத் தயங்காது தின்னும். கடற்சாமந்தி இல்லாவிடில் கோமாளி மீன் வாழாது என்பது தவறான எண்ணம். கடலில் அதன் பகைவரிடமிருந்து காப்பது சாமந்தி. தொட்டியில் அப்பகைவர் இல்லை. சாமந்தியோ மிகுந்த ஒளி வேண்டுவது. இடம்பெயர்ந்து நீரிறைக்கும் பொறியில் அகப்பட்டு மடிந்தால் நீர் முழுவதையும் கெடுத்துவிடும். கோமாளி மீன்கள் யாவும் முதலில் ஆணாகவே வளர்கின்றன. கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறும். இரண்டு இளங்குஞ்சுகளைச் சேர்த்து வாங்கினால் அவையே தமக்குள் இணையாகிவிடும்.

அவ்விணைக்குத் துணையாக ஓர் உளுவையும் ஒரு கர்தினால் மீனும் போதும். கர்தினால் மீன் பகலில் நிழலில் ஒதுங்கி நின்று இரவில் உலவும். முட்டைகளைத் தந்தை மீன் தன் வாயிலேயே வைத்துக் காக்கும். அந்நாட்களில் இரையும் எடாது. மூன்று வெண்புள்ளி கொண்ட கரிய டாம்செல் மீன் விலை மலிந்தது, எதையும் தாங்குவது என்று கடைக்காரர் கூறுவது உண்மையே. ஆயினும் வளர வளரப் புள்ளி மங்கும், குணமும் கெடும். தொட்டி முழுவதும் தனது என்று அது முடிவுசெய்த பின் மற்ற மீன்களுக்கு மூலையே கதி. நான்கு மீன்களையும் ஒரே நாளில் விடாது, இரண்டு மூன்று வாரம் இடைவிட்டு விடவேண்டும். கூச்சமுள்ள உளுவையும் கர்தினாலும் முதலில், கோமாளிகள் கடைசியில். கடையில் வாங்கும்போது, தன் கண்முன் அது இரை தின்பதைக் கண்ட பிறகே காசு கொடுப்பது நல்ல வழக்கம்.

நீர் எடுப்பதற்குக் காலம் உண்டு. வாடைக்காற்றுக் காலத்தில் முகத்துவாரத்துக்கு அண்மையில் கடல் கலங்கி, உப்பும் குறைந்திருக்கும். கடல் அமைதியாக உள்ள மாதங்களில், முகத்துவாரத்தை விட்டு எட்டச் சென்று, பிளாத்திக்குக் கலனில் எடுத்து, இரண்டு வாரம் இருட்டிலே மூடிவைத்துத் தெளிந்த நீரை வடித்துக்கொள்ளலாம். தகரக் கலன் ஆகாது. கூனி இறாலைச் சிறிதாக அரிந்து, இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவே இடவேண்டும்.

வளர்க்க முடியாமற் போன மீனைக் கடலில் விட்டுவிடலாம் என்று எண்ணுவோர் உண்டு. வாவியிற் பிடித்து, வேறு மீனோடு சேராது வைத்திருந்த மீனை எடுத்த இடத்திலேயே விடலாம். கடையில் வாங்கியதை விடலாகாது. இந்து, பசிபிக் சமுத்திரங்களுக்குரிய சிங்க மீன் 1985இல் புளோரிடாக் கரையில் முதன்முதலிற் காணப்பட்டது. தொட்டிகளிலிருந்து விடப்பட்டவையே அங்கு பெருகின என்று கருதப்படுகிறது. இன்று கரிபியன் கடல் முழுவதும் பரவி, அங்குள்ள சிறு மீன்களை அவை தின்று தீர்க்கின்றன. விட்டவர்கள் மீனுக்கு இரங்கித்தான் விட்டிருப்பார்கள்.

மின்சாரத்தையும் நம்பியிருக்க முடியாது. 2022இல் இலங்கையில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின் தடைப்பட்டபோது, காற்றூட்டும் பொறி நின்றால் தொட்டி எவ்வளவு விரைவில் மூச்சுமுட்டும் என்பதை மீன் வளர்ப்போர் கண்டனர். மின்கலத்தில் இயங்கும் சிறு காற்றுப்பொறி ஒன்றைக் கையிருப்பில் வைத்திருக்கலாம். அதுவும் இல்லாத வேளையில், ஒரு குவளையால் தொட்டிநீரை மொண்டு சாணுயரத்திலிருந்து மெல்ல ஊற்றிக்கொண்டிருந்தால், நான்கு மீன்கள் மட்டுமே உள்ள தொட்டி இரவைக் கடந்துவிடும். உளுவை துள்ளி வெளியே விழக்கூடியது. அவ்வேளையிலும் ஊற்றும் இடம் தவிர மற்ற இடமெல்லாம் மூடியே இருக்கட்டும்.