நின்றுபிடிக்கும் உடை

உணவைப் பற்றி எழுதுவோர் பலர். உறையுளைப் பற்றி எழுதுவோரும் உளர். இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கும் உடையைப் பற்றி, அதிலும் பட்டும் பகட்டும் அல்லாத அன்றாட உடையைப் பற்றி, நம்மவர் பேனா எடுப்பது அரிது. உடையைப் பற்றிப் பேசுவது ஆடம்பரம் என்றோர் எண்ணம் கற்றோரிடையே நிலவுவதே இதற்குக் காரணம் போலும். எனக்கோ இது மறுதலையாகத் தோன்றுகிறது. மாதச் சம்பளத்தை எண்ணிச் செலவிடும் ஒருவர் தம் உடையைப் பற்றிச் சிந்தியாதிருப்பதே ஆடம்பரம்.

"ஆள் பாதி, ஆடை பாதி" என்பது ஒரு பழமொழி. "கந்தையானாலும் கசக்கிக் கட்டு" என்பது இன்னொன்று. முன்னது தோற்றத்தைச் சொல்வது. பின்னது தூய்மையைச் சொல்வது. இவ்விரண்டுக்கும் முற்பட்ட கடமை ஒன்றுண்டு: எளிதிற் கந்தையாகாத துணியை முதலிலேயே தேர்ந்தெடுத்தல். நாடாளும் வேந்தனாயினும் காடலையும் வேடனாயினும் ஒருவன் உடுப்பவை இரண்டே என்ற கருத்தைப் புறநானூற்றில் நக்கீரர் வைத்துப் போந்தார். உடுப்பவை இரண்டே என்றால், அவ்விரண்டும் நல்லனவாக இருத்தல் வேண்டும் என்பது சொல்லாமலே பெறப்படும்.

ஆசிரியப் பணியிலிருந்த காலத்தில் நான் ஒரு சிறு கணக்கை வழக்கமாகக் கொண்டிருந்தேன். சட்டையின் விலையை, அது என் உடலில் ஏறிய நாட்களின் தொகையால் வகுப்பதே அக்கணக்கு. இன்றைய விலையில் ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். 1,500 ரூபாச் சட்டையொன்று 30 நாள் உடுத்ததும் கழுத்துப்பட்டி நைந்து ஒதுக்கப்படுமாயின், அதன் நாட்கூலி 50 ரூபா. 4,500 ரூபாச் சட்டை 180 நாள் உழைக்குமாயின், நாட்கூலி 25 ரூபா. மலிவு எது, விலையுயர்ந்தது எது என்பதைக் கீழ்வகுப்பு மாணவனும் சொல்லிவிடுவான். ஆயினும், விலை ஏறினால் தரமும் ஏறும் என்று கொள்வது தவறு. சட்டையின் மார்பில் குத்திய சின்னத்துக்காகக் கொடுக்கும் பணம் நூலுக்குச் சேர்வதில்லை. ஆகவே, விலைச் சீட்டைப் பாராமல் துணியைப் பார்க்கக் கற்றல் வேண்டும்.

துணியைப் பார்ப்பது எப்படி? முதலில் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். இழைகள் ஓரிடத்தில் நெருங்கியும் ஓரிடத்தில் விலகியும் தோன்றினால், விலகிய இடமே முதலிற் கிழியும். பின்னர் ஒரு மூலையை இரு விரல்களுக்கிடையே தேயுங்கள். வெண்பொடி உதிர்ந்தால், நீங்கள் தொட்டுப் பார்த்த கனம் பஞ்சின் கனமன்று, கஞ்சியின் கனம். முதற் சலவையோடு அது போய்விடும். அடுத்து, உடையின் உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். தையல் ஒழுங்காகவும் நெருக்கமாகவும் இருக்கிறதா, வெட்டிய ஓரம் மடித்துத் தைக்கப்பட்டிருக்கிறதா, தையலுக்கு அப்பால் அரை அங்குலமாவது துணி விடப்பட்டிருக்கிறதா என்பவற்றைக் கவனியுங்கள். வளரும் பிள்ளையின் உடுப்பில், இறக்கிவிடத்தக்க கீழ்மடிப்பு ஓர் ஆண்டுச் செலவை மிச்சப்படுத்தும்.

நூலின் இலக்கத்தைப் பற்றியும் ஒரு சொல். 40ஆம் இலக்க நூல் என்றால், 840 யார் நீளமுள்ள கழிகள் 40 சேர்ந்து ஓர் இறாத்தல் நிறுக்கும் என்பது பொருள். இலக்கம் ஏற ஏற நூல் மெலியும். துணி மென்மை பெறும். மென்மை வேறு, உறுதி வேறு. இரண்டு இழைகளைச் சேர்த்து முறுக்கிய நூல், அதே பருமனுள்ள ஒற்றை இழையினும் கூடுதலாக உழைக்கும். பருத்திக்கு இன்னொரு சிறப்பும் உண்டு: நனைந்தபோது அதன் வலிமை கூடுகிறது. சலவைக் கல்லில் அடிபட்டும் அது பிழைத்திருப்பது இதனாலேயே. ரேயான் துணியோ நனைந்தபோது வலிமை குன்றும். அதைக் கல்லில் அடித்தல் ஆகாது. பொலியெஸ்டர் எளிதிற் கிழியாது, கசங்காது; ஆனால் வியர்வையை உறிஞ்சாது. நம் நாட்டு வெயிலில் நாள்தோறும் கரும்பலகையின் முன் நிற்பவருக்குப் பருத்தியோ, பருத்தி மிகுந்த கலப்புத் துணியோ ஏற்றது. மருதமுனைக் கைத்தறிச் சாரத்தை உடுத்தவர்க்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

நல்ல உடையை எளிய விலையில் எல்லோருக்கும் கொடுக்க முடியுமா என்று ஐயுறுவோருக்கு வரலாற்றில் ஒரு விடை உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது, 1941ஆம் ஆண்டு ஜூன் மாதம் 1ஆந் திகதி, பிரித்தானியாவில் உடைப் பங்கீடு தொடங்கியது. ஆளொருவருக்கு முதலாண்டில் 66 கூப்பன்கள். ஆண்மகன் ஒருவனின் கம்பளி உடைத்தொகுதி ஒன்றுக்கே 26 கூப்பன்கள் போய்விடும். அப்பொழுது அரசு, 'சி.சி. 41' என்ற முத்திரையோடு பயன்பாட்டு உடைகளைக் கொண்டுவந்தது. துணியின் தரம் வரையறுக்கப்பட்டது. விலைக்கு உச்சவரம்பு விதிக்கப்பட்டது. தேவையற்ற பொத்தான்களும் மடிப்புகளும் விலக்கப்பட்டன. அரச குடும்பத்துக்கு ஆடை அமைத்த நோர்மன் ஹார்ட்னெல் போன்ற கலைஞர்களே இவ்வெளிய உடைகளுக்கும் வடிவம் வகுத்தனர். 1952 வரை நீடித்த அத்திட்டம், எளிமையும் அழகும் உறுதியும் ஓருடையில் ஒன்றுசேரும் என்பதை மெய்ப்பித்தது.

இனி, நம் மனத்தை உறுத்த வேண்டிய செய்தி ஒன்று. 1978இல் கட்டுநாயக்காவில் ஏற்றுமதி வலயம் அமைந்த நாள்முதலாக, நம் நாட்டுப் பெண்களின் விரல்கள் உலகுக்கு உடை தைத்து வருகின்றன. உறுதியான தையல் எது என்பதை அவர்களைவிட அறிந்தார் யார்? எனினும், அத்தகைய சட்டையைத் தைக்கும் பெண், தன் பிள்ளைக்கென்று வாங்குவது பெரும்பாலும் நடைபாதைக் கடையின் மலிவுத் துணியே. உலகெங்கும் உடை மேலும் மேலும் மலிவாக வேண்டும் என்ற வேட்கையின் விலையை, 2013ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆந் திகதி பங்களாதேஷ் செலுத்தியது. அன்று ரானா பிளாசாக் கட்டடம் இடிந்து வீழ, 1,100க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நாம் கொடாத விலையை வேறொருவர் கொடுத்துக்கொண்டிருக்கிறார் என்பதை மறத்தல் ஆகாது.

"நல்லதை வாங்கக் கையில் மொத்தப் பணம் வேண்டுமே" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. 4,500 ரூபா ஒருங்கே இல்லாதவர் 1,500 ரூபாச் சட்டையையே வாங்குகிறார். அது கிழிய மீண்டும் வாங்குகிறார். ஆண்டிறுதியில் செல்வரைவிட அவரே கூடுதலாகச் செலவிட்டிருப்பார். வறுமை அறவிடும் வரி இது. இதற்கு அறிவுரை மட்டும் மருந்தாகாது. எங்கள் ஆசிரியர் அறையில் மாதந்தோறும் சீட்டுப் பிடித்தோம். சீட்டு விழுந்த மாதத்தில் ஒருவர் இரண்டு நல்ல உடை வாங்குவார். 1993இலிருந்து பாடசாலைப் பிள்ளைகளுக்கு இலவசச் சீருடை வழங்கும் திட்டம் நடைமுறைக்கு வந்ததும், இவ்வரியின் சுமையை ஓரளவு குறைத்தது. அத்துணியின் தரம் குன்றாமற் பார்ப்பது, புத்தகத்தின் தரத்தைப் பார்ப்பது போன்றே கல்வியில் அக்கறை உள்ளோர் கடன்.

அலுமாரி நிறைய உடை இருந்தும் உடுக்க ஒன்றுமில்லை என்போரைக் காண்கிறோம். ஓர் ஆசிரியருக்கு ஐந்து சட்டை, மூன்று களிசான், இரண்டு வேட்டி, வீட்டுக்கு மூன்று சாரம் போதும். ஆசிரியைக்கு முறை மாற்றி உடுக்க ஆறேழு நூற்சேலைகள் போதும். ஒன்றோடொன்று பொருந்தும் நிறங்களாக அவற்றைத் தேர்ந்தால், குறைவும் நிறைவாகும். ஒரே உடையை அடுத்தடுத்த நாட்களில் உடாதிருத்தல், நிறத்துணியை உட்புறம் திருப்பி நிழலில் உலர்த்தல், சேலையின் மடிப்பை இடையிடையே மாற்றி வைத்தல் என்பன செலவில்லாத காப்புறுதிகள். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்பு மண்ணின் கிணற்று நீரில் சவர்க்காரம் திரைந்து துணியிற் படியும். அங்கே வாழ்வோர் இரண்டு முறை கூடுதலாக அலசுதல் நன்று.

இவற்றையெல்லாம்விட மேலான கருவி ஊசியும் நூலும். கழன்ற பொத்தானைத் தைக்கவும், விட்ட தையலை அன்றே பிடிக்கவும், ஆண் பெண் என்ற வேறுபாடின்றி ஒவ்வொரு மாணவனுக்கும் மாணவிக்கும் பள்ளியில் கற்பித்தல் வேண்டும் என்பது என் கருத்து. பெருக்கல் வாய்பாட்டைப் போலவே, வாழ்நாள் முழுவதும் பயன் தரும் பாடம் அது. துணி ஒன்று நூலாகவும் நெய்தலாகவும் தையலாகவும் பலர் கைகளைக் கடந்தே நம்மிடம் வருகிறது. அதை நெடுநாள் உடுத்தலே அக்கைகளுக்கு நாம் செய்யும் மரியாதை.