முந்நூற்றிருபதின் அருமை

முழுப்பொருள் ஒன்றை எத்தனை நுண்கூறுகளாக்கலாம் என்று இன்றைய மாணவனைக் கேட்டால், அவன் தயங்காமல் நூறு என்பான். 1957-ஆம் ஆண்டு ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு நூறு காசு என்று ஏற்பட்ட தேசத்தில் பிறந்தவன் அவன். அதற்கு முன், திண்ணைப் பள்ளியில் மணலில் விரலால் எழுதிப் பழகிய அவனுடைய முன்னோரோ, முந்நூற்றிருபது என்று விடை பகர்ந்திருப்பர்.

எண்சுவடியில் ஒன்றின் 320-ல் ஒரு பங்கிற்கு முந்திரி என்று பெயர். இரண்டு முந்திரி அரைக்காணி, நான்கு, காணி, எட்டு, அரைமா, பதினாறு, மா, நாற்பது, அரைக்கால், எண்பது, கால். மாவும் காணியும் சேர்ந்தால் இருபது முந்திரி. அதுவே மாகாணி, அதாவது ஒன்றில் பதினாறில் ஒரு பங்கு. ஒரு கூட்டல் கணக்கே ஒரு சொல்லாகிவிட்ட விந்தையை நேயர்கள் கவனிக்க வேண்டும்!

இந்த எண்ணை ஏன் தெரிந்தெடுத்தார்கள்? கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் குடியானவர் ஒருவர் தம் நிலத்தை இரு மக்களுக்குச் சரிபாதியாகப் பிரித்தார் என்றும், தலைமுறைதோறும் அவ்வாறே நடந்தது என்றும் கொள்வோம். நிலத்தை நூறு கூறாக்கினால் 50, 25 என இறங்கி, மூன்றாம் தலைமுறையிலேயே பன்னிரண்டரை என்று கூறு உடைந்துவிடும். 320 கூறாக்கினாலோ 160, 80, 40, 20, 10, 5 என ஆறு தலைமுறை உடையாமல் நிற்கும். 320 என்பது அறுபத்துநான்கை ஐந்தால் பெருக்கியது. அறுபத்துநான்கு, பாதி பாதியாய்ப் பிரிக்க உதவுகிறது. ஐந்து, பத்தில் ஒன்றைத் தருகிறது. நூற்றை மீதியின்றி வகுக்கும் எண்கள் ஒன்பதே. முந்நூற்றிருபதை வகுப்பவை பதினான்கு.

நிற்க, இவ்வெண்ணுக்கும் ஒரு குறை உண்டு. அது மூன்றுக்கு வசப்படாது. கல்வராயன் மலையில் எடுத்த தேனை மூன்று குடும்பத்தார் பங்கிட்டால், ஆளுக்கு 106 முந்திரி போக இரண்டு எஞ்சும். முன்னோர் இதனோடு நின்றுவிடவில்லை. ஒரு முந்திரியை மறுபடியும் 320 கூறாக்கிக் கீழ்முந்திரி என்றனர். எஞ்சிய இரண்டும் 640 கீழ்முந்திரியாகும். ஆளுக்கு 213 போக ஒன்று மிஞ்சும். வழங்கிவந்த ஒரு வாய்பாட்டின்படி, அந்த ஒன்றுக்கு இருபத்தோர் இம்மி. ஆளுக்கு ஏழு! கணக்கு முற்றிலும் தீர்ந்தது. தசம முறையிலோ 0.333 என்று எழுதிக்கொண்டே போகலாம். முடிவு காண இயலாது.

இதனால் மீட்டரையும் காசையும் நாம் கைவிட வேண்டும் என்பதன்று. வாணிபத்திற்கும் விஞ்ஞானத்திற்கும் தசம முறையே உகந்தது. ஆயினும், ஓர் எண்ணைக் கருவியாகத் தேர்ந்தெடுப்பதில் எத்துணை யோசனை வேண்டும் என்பதை நம் குழந்தைகள் அறிய இதனினும் நல்ல பாடம் ஏது?

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான 2019-ஆம் ஆண்டிலேதான், கணிப்பொறிகளுக்கான உலக எழுத்துப் பட்டியலாகிய யூனிகோடில் தமிழ்ப் பின்னக் குறிகளும் இடம் பெற்றன. குறிகளுக்கு இடம் கிடைத்துவிட்டது. அவற்றைச் சொல்லும் நாவுகளே அருகி வருகின்றன. "இம்மியளவும் பிசகக் கூடாது" என்று வீட்டில் நாம் சொல்லும்போது, அந்த இம்மி எவ்வளவு என்று குழந்தை கேட்டால் விடை கூற நாம் ஆயத்தமாயிருக்க வேண்டாமா? ஒரு சிலேட்டும் அரை மணி நேரமும் இதற்குப் போதும்.