ஆய்வும் அச்சும்

ஆய்வு செய்வது ஒரு பணி. அதைப் பிறர் அறியச் செய்வது மற்றொரு பணி. சிரம்பான், லோபாக் வட்டாரத் தோட்டப்புற மக்களின் வாழ்க்கையை ஒருவர் பல ஆண்டுகள் ஆராய்ந்ததாகக் கொள்வோம். அந்த ஆய்வேடு அலமாரியிலேயே கிடந்தால் யாருக்குப் பயன்?

இதை நன்கு உணர்ந்தவர் தனிநாயகம் அடிகளார். தமிழாய்வுகளை உலக அறிஞர்களும் படிக்க வேண்டும் என்று விரும்பிய அவர், 1952-இல் ‘தமிழ் கல்ச்சர்’ எனும் ஆங்கில ஆய்விதழைத் தொடங்கினார். பின்னர், மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைமையேற்றார். 1966-இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு நடைபெற அரும்பாடுபட்டார். அங்குப் படைக்கப்பட்ட கட்டுரைகள் நூலாகவும் வெளிவந்தன. அதனால், மாநாட்டுக்கு வராதவர்களும் அவற்றைப் படித்துப் பயனடைந்தனர்.

ஆய்விதழுக்கு அனுப்பப்படும் கட்டுரை உடனே அச்சாவதில்லை. முதலில், அத்துறை வல்லுநர்கள் அதன் சான்றுகளையும் முடிவுகளையும் சரிபார்ப்பர். ஆய்வாளர் குறைகளைத் திருத்திய பின்னரே அது வெளியிடப்படும். அதன் சாரத்தை எளிய தமிழில் நாளிதழிலும் வானொலியிலும் வழங்கினால் பொதுமக்களும் அறிந்துகொள்வர்.

இன்று பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்டன. அங்கு வாழ்ந்தோரின் வரலாறு ஆராயப்பட்டும் அச்சேறாவிட்டால், அடுத்த தலைமுறைக்கு அது கிட்டாமலே போய்விடும்.