மணியடிப்பார் இல்லாத வேலை

பள்ளிக்கூடத்தில் நாற்பது நிமிடத்திற்கு ஒருமுறை மணி அடிக்கும். வேப்பமரக் கிளையில் தொங்கிய தண்டவாளத் துண்டின் ஓசை கேட்டதும், கணக்குப் போட்டுக்கொண்டிருந்த வகுப்பு வரலாற்று நூலைத் திறக்கும். முப்பத்து மூன்று ஆண்டுகள் அந்த ஓசைக்குக் கட்டுப்பட்டே நான் வாழ்ந்தேன். காலந்தவறாமை என்னும் குணம் என்னோடு பிறந்தது என்றும் எண்ணியிருந்தேன். அவ்வெண்ணம் தவறு என்பதை 2018-ஆம் ஆண்டில் ஓய்வு பெற்ற பின்னரே உணர்ந்தேன்.

ஓய்வுக்குப் பின்னர், ஆங்கிலப் பாடநூல்களைத் தமிழாக்கித் தரும் பணியை வீட்டிலிருந்தே மேற்கொண்டேன். எவரிடத்தும் மாத ஊதியம் பெறாமல், வேலைக்கு வேலை பேசி முடித்துக் கொடுப்போரை இந்நாளில் ஃப்ரீலான்சர் என்கின்றனர். அவர்களுக்கு மேலதிகாரி இல்லை, வருகைப் பதிவேடு இல்லை, மணியடிப்பாரும் இல்லை.

முதலாண்டில் இருநூறு பக்க அறிவியல் நூலொன்று வந்தது. நாற்பது நாளில் முடித்துத் தருவதாக வாக்களித்தேன். எண்பது நாள்களுக்கு மேலாயிற்று. பள்ளி திறந்து ஒரு மாதம் வரையில் பிள்ளைகள் அந்நூல் இன்றியே படித்தனர். பதிப்பகத்தார் என்னைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆயினும், வீட்டுப்பாடம் எழுதாமல் வந்த மாணவர்களை நான் வகுப்பிற்கு வெளியே நிறுத்திய நாள்களெல்லாம் அன்றிரவு என் நினைவிற்கு வந்தன.

அவ்வாறு நின்றவர்களுள் ஒருவர் இன்று கணினித் துறையில் பணிபுரிகிறார். என்னைக் காண வந்தபோது என் குறையைக் கூறினேன். "ஐயா, அன்று எங்களுக்கு வருகைப் பதிவேடு எடுத்தீர்கள். இன்று உங்கள் நேரத்திற்கு ஒரு பதிவேடு எடுத்துப் பாருங்களேன்" என்றார் அவர். பின்னர் என் கணினியில் நேரப் பதிவு மென்பொருள் ஒன்றை அமைத்துக் கொடுத்துச் சென்றார்.

இவ்வகை மென்பொருள் இருதிறப்படும். டாகிள், கிளாக்கிஃபை போன்றவை முதல் வகையின. வேலை தொடங்கும்போது அதன் பெயரை எழுதி ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். நிறுத்தும்போது மீண்டும் அழுத்த வேண்டும். எந்த வேலை, எப்போது தொடங்கிற்று, எப்போது முடிந்தது என்பன பதிவாகும். வார இறுதியில் ஒவ்வொரு வேலைக்கும் சென்ற நேரம் கூட்டித் தரப்படும். ரெஸ்கியூடைம் போன்றவை இரண்டாம் வகையின. பொத்தானை அழுத்தாமலே, கணினித் திரையில் எந்தச் செயலி, எந்த வலைத்தளம் முன்னிற்கிறது என்பதை அவை தாமே குறித்துக்கொள்ளும்.

இரண்டிற்கும் குறையுண்டு. கவனம் சிதறும் இயல்புடையவன் பொத்தானை அழுத்தவே மறந்துவிடுவான். தாமே குறித்துக்கொள்ளும் மென்பொருளோ மறவாது. ஆனால் நோக்கத்தை அறியாது. ஒரே காணொளித் தளம் ஒருவனுக்குப் பாடமாகவும் மற்றொருவனுக்கு வீண்பொழுதாகவும் இருக்கக்கூடும். ஆகவே இரண்டையும் ஒருங்கே வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பதே எனக்கு ஏற்றதாயிற்று.

மருந்து கொடுப்பதற்கு முன் மருத்துவர் காய்ச்சலை அளந்து பார்ப்பது போல, முதல் வாரத்தில் எதனையும் மாற்றாமல் அளந்து மட்டும் பார்த்தேன். நாள்தோறும் ஆறு மணி நேரம் உழைப்பதாக நான் நம்பியிருந்தேன். கணக்கு மூன்று மணிக்கும் குறைவாகவே காட்டியது. எஞ்சிய நேரம் எங்கே போயிற்று? ஒரு சொல்லின் பொருளை அறிய இணைய அகராதிக்குச் செல்வேன். அங்கிருந்து அச்சொல்லின் வேருக்கு. வேரிலிருந்து ஒரு கல்வெட்டுக்கு. கல்வெட்டிலிருந்து அன்றைய செய்திக்கு. ஒவ்வொன்றும் கல்வி போலவே தோன்றியது. அதனாலேயே அது என் கண்ணுக்குப் படவில்லை.

இச்சிதறல் என் ஒருவனுடைய நோயன்று. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தைச் சேர்ந்த குளோரியா மார்க் என்னும் அறிஞர், திரையில் ஒன்றின்மேல் நம் கவனம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதைப் பல்லாண்டுகள் அளந்தவர். 2004-இல் அது சராசரியாக இரண்டரை நிமிடமாக இருந்தது. பிற்கால அளவீடுகளில் 47 வினாடிகளாகக் குறைந்தது. 2009-இல் சோஃபி லெராய் என்னும் அறிஞர் மற்றோர் உண்மையைக் காட்டினார். முடியாத வேலையை விட்டு வேறொன்றிற்குச் செல்லும்போது, மனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது. ஆகையால் சிதறலில் கழிந்த நிமிடங்கள் மட்டுமல்ல, மீண்டு வந்த பின்னுள்ள சில நிமிடங்களும் நமக்குக் குறைபட்டே கிடைக்கின்றன.

நாற்பது நாள் எண்பதானதற்கும் விளக்கம் உண்டு. கனடாவில் ரோஜர் பியூலர் முதலிய உளவியலறிஞர்கள் 1994-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பட்ட ஆய்வுக் கட்டுரையை எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று மாணவர்களைக் கேட்டபோது, சராசரியாக 34 நாள் என்றனர். முடிக்க ஏறத்தாழ 56 நாள் ஆயிற்று. வரப்போவதை எண்ணும்போது நாம் முன் பட்டறிவைக் கணக்கில் கொள்வதில்லை. பதிவேடு அதனை நம் கண்முன் வைக்கிறது.

இன்று என் கணக்கு இதுதான். ஒரு பக்கத்தைத் தமிழாக்கித் திருத்த எனக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. இருநூறு பக்கத்திற்கு இருநூறு மணி. நாளொன்றுக்கு நான்கு மணி நேரமே நான் முழுக் கவனத்தோடு உழைக்க இயலும். ஆகவே ஐம்பது நாள். காய்ச்சலுக்கும் திருமணத்திற்கும் பத்து நாள் சேர்த்து, அறுபது நாள் வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய பள்ளி மணியையும் வீட்டிற்குக் கொண்டு வந்தேன். நாற்பது நிமிடம் வேலை. பின்பு பத்து நிமிடம் ஓய்வு. இத்தாலியரான ஃபிரான்செஸ்கோ சிரில்லோ தம் மாணவப் பருவத்தில், தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரத்தைக் கொண்டு இருபத்தைந்து நிமிடப் பொழுதுகளாகத் தம் படிப்பைப் பகுத்துக்கொண்டார். எந்த அளவு தமக்குப் பொருந்தும் என்பதை அவரவரே கண்டுகொள்ள வேண்டும். வேலைக்கிடையே மனத்தை இழுக்கும் சொற்களை அருகிலுள்ள தாளில் குறித்து வைத்து, மாலையில் தேடிப் பார்க்கிறேன்.

எச்சரிக்கையும் ஒன்றுண்டு. ஒவ்வொரு வேலைக்கும் ஏற்ற வண்ணம் தேர்ந்தெடுப்பதிலேயே ஒரு காலைப் பொழுதை நான் போக்கியதுண்டு! மேலும், விசைப்பலகையைத் தொடாமல் சில நிமிடம் இருந்தால், அந்நேரத்தை நீக்கிவிடலாமா என்று மென்பொருள் கேட்கும். திண்ணையில் உலாவியபடி ஒரு தொடருக்கு நல்ல தமிழ் தேடிய நேரமும் உழைப்பே என்பதை அது அறியாது, நான்தான் அறிவேன். ஆதலால் இக்கணக்கை உழைப்பவரே தம் கையில் வைத்துக்கொள்வது நன்று. அதுவே பிறர் கையில் இருந்தால் வேவு பார்க்கும் கருவியாகிவிடும்.

மாணவர்களே, இதற்குக் கணினியும் இன்றியமையாததன்று. ரஷ்யப் பூச்சியியல் அறிஞர் அலெக்சாந்தர் லியூபிஷேவ், 1916 முதல் 1972-இல் மறையும் வரையில், தம் நேரக் கணக்கைக் கையாலேயே எழுதி வந்தார். நீங்களும் ஒரு குறிப்பேட்டில் தொடங்கிய நேரம், முடித்த நேரம், செய்த வேலை என மூன்று பத்திகள் இட்டு, ஒரே ஒரு வாரம் பொய்யின்றி எழுதிப் பாருங்கள். வாரத்தின் தொடக்கத்தில், எத்தனை மணி நேரம் படிப்போம் என்பதை முதல் பக்கத்தில் குறித்து வையுங்கள். இறுதியில் இரண்டையும் ஒப்பிடுங்கள். வேறுபாட்டைக் கண்டு வருந்த வேண்டா. அதனை வேறெவருக்கும் காட்ட வேண்டியதும் இல்லை.

சென்ற முறை நான் ஏற்ற நூலைக் குறித்த நாளுக்கு இரண்டு நாள் முன்னதாகவே ஒப்படைத்தேன். பள்ளி திறந்த அன்றே அது பிள்ளைகள் கையில் இருந்தது.