லாபம் வரும் கம்பெனியை ஏன் மூடச் சொல்கிறார்கள்?

ஜூன் நெருங்குகிறது. சுவீடனில் மேல்நிலைப் பள்ளி மாணவர்கள் நடத்தும் ‘யூ.எஃப்.’ நிறுவனங்கள் கணக்கை முடித்து, ஆண்டறிக்கை கொடுத்து, கடையைக் கட்ட வேண்டிய நேரம். அங்கே பிள்ளைகளைப் படிக்கவைக்கும் வாசகர்களின் கடிதங்களில் ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது: நன்றாக ஓடும் தொழிலை எதற்கு மூட வேண்டும்? பிள்ளை ஏதோ தப்பு செய்துவிட்டதோ என்றுகூடச் சிலர் பயந்திருக்கிறார்கள்.

பயப்பட ஒன்றுமில்லை. விதியே அதுதான். அமெரிக்காவில் 1919இல் தொடங்கிய ஜூனியர் அச்சீவ்மென்ட் அமைப்பின் வழியில், சுவீடனில் 1980 முதல் இது நடக்கிறது. நிறுவனத்துக்கு ஆயுள் ஒரு பள்ளி ஆண்டு. பெயரோடு ‘யூ.எஃப்.’ என்று சேர்த்தே எழுத வேண்டும்.

“தொழில்முனைவுத் திறன் வளர்கிறது” என்பது நடத்துகிறவர்கள் சொல்லும் விளக்கம். எந்தத் திறன், எதை வைத்து அளந்தார்கள் என்று கேட்டால் அந்த வாக்கியத்தில் பதில் இல்லை. பதில் அந்த மூடுவிழாவில் இருக்கிறது.

மூடுவது என்றால் பலகையைக் கழற்றுவது அல்ல. விற்காமல் கிடக்கும் சரக்குக்கு ஒரு விலை வைத்துத் தள்ள வேண்டும். வரவேண்டிய பாக்கியைக் கேட்டு வாங்க வேண்டும், கொடுக்க வேண்டியதைக் கொடுக்க வேண்டும். தொடக்கத்தில் முதல் போட்ட மாமாவுக்கும் பாட்டிக்கும் பணத்தைத் திருப்பி, லாபம் இருந்தால் பங்கும் தந்த பிறகே மிச்சத்தைக் கூட்டாளிகள் பிரித்துக்கொள்ளலாம். யார் அதிகம் உழைத்தார், யார் கூட்டத்துக்கே வரவில்லை என்ற பேச்சு அப்போதுதான் வெடிக்கும். ‘அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று எதையும் தள்ளிப்போட முடியாது. பெரிய கம்பெனிகள் வருடக்கணக்கில் மறைத்துவைக்கும் நட்டத்தைப் பதினேழு வயதுப் பிள்ளை பாட்டியின் முகத்தைப் பார்த்துச் சொல்லியாக வேண்டும். இந்த ஏற்பாட்டை யோசித்தவர் கெட்டிக்காரர்.

என்னை உறுத்துவதும் அதே ஏற்பாடுதான். தொழிலில் கஷ்டமான கட்டம் இரண்டாவது ஆண்டில் ஆரம்பிக்கிறது: சொந்தக்காரர்கள் வாங்கி முடித்திருப்பார்கள், புது வாடிக்கையாளர் வேண்டும், கூட்டாளிக்குச் சலிப்பு தட்டியிருக்கும். அந்தக் கட்டத்தை இந்தப் பிள்ளைகள் ஒருபோதும் பார்ப்பதில்லை.

சுவீடனில் இதில் பங்கேற்ற மூன்று ஆண்டுத் தொகுதி மாணவர்களை 16 ஆண்டுகள் வரை பின்தொடர்ந்து 2015இல் வெளியான ஆய்வு ஒன்று இருக்கிறது. அவர்கள் பிற்காலத்தில் சொந்தத் தொழில் தொடங்கும் வாய்ப்பு கூடியிருந்தது; தொழிலில் வருமானமும் கூடியிருந்தது. ஆனால் தொழில் நிலைத்து நிற்பதில் வித்தியாசமே இல்லை. காரணம் இந்த ஒரு வருட ஆயுள்தான் என்று ஆய்வு நிரூபிக்கவில்லை. நான் அப்படித்தான் சந்தேகிக்கிறேன். தொடங்கப் பழகியவர்கள் தொடங்குகிறார்கள். நீடிக்க யாரும் பழக்கவில்லை.

நெதர்லாந்தில் ஒரு தொழிற்கல்லூரியில் இதே முறையை ஆராய்ந்து 2010இல் வந்த முடிவு இன்னும் கடுமை: மாணவர்கள் தங்களுக்கு இருப்பதாக மதிப்பிட்ட திறன் கூடவில்லை, தொழில் தொடங்கும் ஆசை குறைந்தது. இதை நான் தோல்வி என்று சொல்லமாட்டேன். தனக்கு ஒத்துவராது என்று படிக்கும்போதே தெரிந்துகொள்வது, வீட்டை அடகு வைத்தபின் தெரிந்துகொள்வதைவிட எவ்வளவோ நல்லது. விளம்பரக் கையேடுகள் இதையும் சொல்லியிருக்க வேண்டும்.

டெல்லி அரசு 2021இல் பதினோராம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்குத் தலைக்கு 2,000 ரூபாய் கொடுத்த ‘பிசினஸ் பிளாஸ்டர்ஸ்’ இதிலிருந்து வேறுபட்டது. அங்கே முதல் அரசின் பணம். பதில் சொல்ல வேண்டிய பாட்டி இல்லை. அந்த ஒரு வித்தியாசம் பெரியது என்று நினைக்கிறேன்.

மற்ற கேள்விகள்:

நட்டம் வந்தால்? முதல் போட்டவருக்கு அந்த அளவு குறைவாகத் திரும்பும்.

லாபத்துக்கு மதிப்பெண் உண்டா? இல்லை, பாடத்திட்டம் கேட்பதற்கே மதிப்பெண்.

மூடியபின் அதே தொழிலைத் தொடரலாமா? தொடரலாம், ஆனால் புதிதாகப் பதிய வேண்டும். லிமிடெட் கம்பெனி என்றால் குறைந்த முதல் 25,000 குரோனா. 18 வயது ஆகாதவர் இயக்குநர் குழுவில் இருக்க முடியாது. 16 வயது நிரம்பியவர் தனிநபர் தொழில் நடத்தலாம். அதற்குப் பெற்றோர் சம்மதத்தோடு, சிறார் சொத்தைக் கண்காணிக்கும் உள்ளூர் அலுவலகத்தின் அனுமதியும் வேண்டும்.