அதுவா, இதுவா?

நாம் அன்றாடம் நிகழ்த்தும் வாதங்களுட் பல, இரண்டு முடிவுகளை மாத்திரம் முன்வைத்து, "அதுவா, இதுவா? சொல்" என்று நெருக்குவனவாய் அமைகின்றன. நெருக்குண்டபொழுது, வினாவே முறையானதுதானா என ஆராய நாம் மறந்துவிடுகின்றோம்.

தருக்கநூலார் முரணை இருவகையாகப் பகுப்பர். கறுப்பு, கறுப்பன்று என்பன ஒன்றையொன்று முற்றாக மறுப்பன. அவற்றிடையே மூன்றாவது இல்லை. கறுப்பு, வெள்ளை என்பனவோ அத்தகையன அல்ல. கறுப்பல்லாதது, நம் மலைச்சாரலின் கொழுந்துபோலப் பச்சையாகவும் இருக்கலாம். பின்னதை முன்னதெனக் கொள்வதே வழு.

இவ்வழு விளைக்குந் துயருக்கு நம் மலையகமே சான்று. அட்டன், நுவரெலியாத் தோட்டங்களிலே தலைமுறை தலைமுறையாக உழைத்தோரை நோக்கி, "நீ இந்தியனா, இலங்கையனா?" என்ற வினா எழுந்தது. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் அவருட் பெரும்பாலாரை நாடற்றவராக்கிற்று. 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்கிட்டு, 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் பகுத்தது. எஞ்சிய 150,000 பேரை இரு நாடுகளும் 1974இல் சரிபாதியாகப் பங்கிட்டன. அண்ணன் கப்பலேறத் தம்பி இங்கே நின்ற குடும்பங்கள் பல. இங்கே 'இந்தியாக்காரர்' எனப்பட்டோர், நீலகிரியை அடைந்ததும் 'சிலோன்காரர்' எனப்பட்டனர். பாட்டன் பிறந்த ஊரையும் தாம் பிறந்த தோட்டத்தையும் ஒருங்கே நேசித்தல் கூடும் என்பதற்கு அவ்வினாவில் இடமிருக்கவில்லை.

ஈற்றில், 1964 முதல் இங்கு வாழ்ந்தோர்க்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் உரிமை நல்கிய 2003ஆம் ஆண்டுச் சட்டம், 'இந்திய வம்சாவளியினருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம்' எனப் பெயர் பெற்றது. பொருந்தா எனப்பட்ட இரண்டும் அப்பெயரிலேயே பொருந்தி நிற்றலைக் காண்க.

எனினும், எங்கும் நடுவழி தேடுதலும் பிழையே. ஒருவனுக்கு வாக்குரிமை உண்டா, இல்லையா என்ற வினாவிற்கு மூன்றாம் விடை கிடையாது. ஆங்கு இரண்டுக்கும் இடைப்படப் பேசுதல் நடுவுநிலையன்று, நழுவுதலாகும்.

ஆதலின், வீட்டிலோ சங்கக் கூட்டத்திலோ கருத்து மாறுபடுங்கால், முதற்கண் வினாவை ஆராய்வோமாக. இவ்விரண்டும் உண்மையில் ஒன்றையொன்று விலக்குவனவா? இவ்விரண்டே உள என்று வரையறுத்தவர் யார்? "மகன் படிப்பதா, உழைப்பதா?" என்னும் தகப்பனாரிடம், எத்துணைக் காலம், எவர் துணையோடு, எவ்வகை உழைப்பு என்று பிரித்து வினவினால், பூசல் யோசனையாக மாறும். விடை கூறுமுன் வினாவை எடைபோடுதல் கல்லூரி நமக்குப் பயிற்றிய பழக்கங்களுள் ஒன்று. அதனைத் தேர்வு மண்டபத்தோடு விட்டுவிடாதிருப்போமாக.